‘ஓடு பதிப்பது பிடிக்குமா?’: ஆர்வத் தேர்வு யாருக்குப் பொருந்துகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் வாரங்களில் ‘சைக்கோமெட்ரிக் டெஸ்ட்’ என்ற பெயரில், எந்தெந்த வேலை பிடிக்கும் என்று கேட்கும் ஆர்வத் தேர்வு வினாத்தாள் ஒன்று பிள்ளைகளின் கைக்கு வருகிறது. அரை மணி நேரம் டிக் அடித்தால் போதும், ஆறு வண்ணப் பட்டைகளும் மூன்றெழுத்துக் குறியீடும் போட்ட அறிக்கை வீடு தேடி வரும். ‘ஐ-ஆர்-சி, இன்ஜினீயரிங் பொருந்தும்’ என்று அதில் அச்சாகியிருக்கும். இந்த அளவுகோல் எந்த ஊரில் செய்யப்பட்டது, யாரை நிற்கவைத்து அளவு கட்டினார்கள் என்று பெற்றோர் கேட்பதில்லை. செய்த ஊரிலேயே எல்லா இனத்தாருக்கும் அது ஒன்றுபோல அளக்கிறதா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அந்த விவாதத்தின் விவரம் இங்கே பலருக்கு உதவும் என்பதால் இக்கடிதம் சற்று நீளம்.

ஆர்வத் தேர்வின் மூத்த பிள்ளை, அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்டது. அவருடைய வழி எளிது. ஒரு தொழிலில் நிலைத்திருப்பவர்கள் எதை விரும்புகிறார்கள், எதை வெறுக்கிறார்கள் என்று திரட்டி, உன் விருப்பு வெறுப்பு அவர்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று எண்ணால் சொல்வது. ‘நீ டாக்டர்களைப் போல இருக்கிறாய்’ என்றால் எந்த டாக்டர்களைப் போல? அன்றைக்கு அமெரிக்காவில் அந்தப் பட்டியலுக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை ஆண்கள். ஆணுக்கு நீலத் தாள், பெண்ணுக்கு இளஞ்சிவப்புத் தாள் என்று தனித்தனியாகவே தேர்வு நடந்தது. இரண்டையும் ஒன்றாக்க 1974 ஆயிற்று. பெண்கள் கேட்டதால் அந்தக் கேள்வி சீக்கிரம் எழுந்தது. இனம் பற்றிய கேள்வி பின்தங்கியே வந்தது. கறுப்பின மக்களுக்கு ஸ்ட்ராங் தேர்வு செல்லுமா என்று அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் 1990இல் தொகுத்துப் பார்த்தவர்கள், செல்லும் என்று சொல்வதற்கான சான்று மிகக் குறைவு என்றே எழுதினார்கள். தேர்வு புழக்கத்துக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு!

இன்று நம் பிள்ளைகள் எழுதுபவை பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்தின் வழி வந்தவை. மனிதரின் ஆர்வங்களை அவர் ஆறாக வகுத்தார்: கைவேலையும் கருவிகளும் (ஆர்), ஆய்வு (ஐ), கலை (ஏ), பிறர்க்கு உதவுதல் (எஸ்), முன்நின்று நடத்துதல் (இ), கணக்கும் ஒழுங்கும் (சி). ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரியாசெக்’ என்பார்கள். ஒருவருக்கு மதிப்பெண் மிகுந்த மூன்றின் எழுத்துகளே அறிக்கையின் மூன்றெழுத்துக் குறியீடு. கோட்பாடு 1959இல் வந்தது; ஆறையும் அறுகோணத்தின் மூலைகளில் நிறுத்திய படம் 1969இல். அந்த அறுகோணத்தில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்து மூலைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், எதிர் மூலைகள் விலகியிருக்கும் என்பது அதன் கூற்று. ஆய்வு பிடித்தவருக்குக் கலையோ கைவேலையோ பிடிக்க வாய்ப்பு அதிகம். முன்நின்று விற்பது பிடிக்க வாய்ப்பு குறைவு. அறிக்கை தயாரிப்பவர் ‘உனக்கு நெருக்கமான தொழில்கள்’ என்று பட்டியல் போடுவதும் இந்த வரைபடத்தை நம்பித்தான். வரைபடம் ஒரு சமூகத்துக்குப் பொருந்தாவிட்டால் பட்டியலும் பொருந்தாது.

பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆறு ஆர்வங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 இணைகள். அவற்றில் அடுத்தடுத்தவை 6, ஒன்று விட்டு ஒன்று 6, நேரெதிர் 3. அடுத்தடுத்தவற்றின் ஒட்டுறவு (ஒன்று கூடினால் மற்றதும் கூடும் அளவு) ஒன்று விட்டவற்றையும் நேரெதிரையும்விட அதிகமாகவும், ஒன்று விட்டவற்றின் ஒட்டுறவு நேரெதிரைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். 6×6, 6×3, 6×3 எனப் பெருக்கிக் கூட்டினால் 36, 18, 18 என்று மொத்தம் 72 கணிப்புகள். ஒரு குழுவின் தரவில் எத்தனை பலித்தன, எத்தனை பொய்த்தன என்று எண்ணி, வித்தியாசத்தை 72ஆல் வகுப்பார்கள். 54 பலித்து 18 பொய்த்தால் 0.5. எல்லாம் பலித்தால் 1. இந்த எண்ணைத் தேர்வின் மேனுவலில் தேடலாம். இல்லையென்றால் அந்த நிறுவனம் இந்த வேலையைச் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ரவுண்ட்ஸும் டெரன்ஸ் ட்ரேசியும் 1996இல் இக்கணக்கைப் பெரிய அளவில் போட்டார்கள். அமெரிக்காவின் பொதுத் தரவு அட்டவணைகள் 73, அமெரிக்கச் சிறுபான்மை இனங்களின் அட்டவணைகள் 20, பதினெட்டு வெளிநாடுகளின் அட்டவணைகள் 76. பொதுத் தரவில் அறுகோணம் ஒழுங்காக நின்றது. சிறுபான்மையினரிடமும் வெளிநாடுகளிலும் அந்த அளவுக்கு நிற்கவில்லை. ‘ஹாலந்து வெள்ளையருக்கு மட்டும்’ என்று பலர் முடிவு கட்டினார்கள். இரண்டே ஆண்டில் அதே ரவுண்ட்ஸ், சூசன் டேயுடன் சேர்ந்து வேறொரு முடிவோடு வந்தார். ஏசிடி கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதிய ஏறத்தாழ 50,000 மாணவர்கள்: கறுப்பர், மெக்சிக்க வம்சாவளியினர், ஆசிய வம்சாவளியினர், பூர்வகுடியினர், வெள்ளையர். எல்லாரும் வேலை உலகத்தை ஏறக்குறைய ஒரே வரைபடமாகவே மனத்தில் வைத்திருந்தார்கள்.

எது சரி? இரண்டும் சரிதான் என்பது என் கணிப்பு. 1996இன் அட்டவணைகள் வெவ்வேறு தேர்வுகளிலிருந்து, வெவ்வேறு அளவுள்ள குழுக்களிலிருந்து வந்தவை. 1998இன் 50,000 பேர் எழுதியது ஒரே தேர்வு. தவிர, அத்தனை பேரும் கல்லூரிக்குப் போகப் புறப்பட்டவர்கள். ஒரே மாதிரிப் பள்ளிப்படிப்பும் ஒரே மாதிரிக் கனவும் உள்ளவர்களிடம் வரைபடமும் ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர் அந்த 50,000இல் இல்லை. 2003இல் இன்னும் கறாரான முறையில் சோதித்தபோது, ஆறு மூலைகளும் சம இடைவெளியில் நிற்கின்றனவா என்ற கேள்விக்கு வெள்ளையர், ஆசிய வம்சாவளியினர் தரவு நன்றாக ஒத்துவந்தது. கறுப்பர், ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) தரவு அந்த அளவுக்கு ஒத்துவரவில்லை. ஆக, வரிசை எல்லாரிடமும் பெரும்பாலும் நிற்கிறது, இடைவெளிகள் மாறுகின்றன. ஆலோசகருக்கு இதனால் என்ன வேலை என்றால், ஒரு பிள்ளையின் முதல் எழுத்தை நம்பலாம், ‘இதற்குப் பக்கத்து ஆர்வம் இது’ என்று நீட்டிச் சொல்லும்போது கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

‘ஆசியர்’ என்ற பெட்டியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நியூ ஜெர்சியில் வளரும் தமிழ்ப் பிள்ளையும் கலிஃபோர்னியாவில் வளரும் ஹ்மாங் (தென்கிழக்காசிய மலைவாழ் இனம்) பிள்ளையும் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் அந்த ஒரே பெட்டிக்குள்தான். ஒருவர் வீட்டில் பெற்றோர் இருவரும் மென்பொருள் துறையில். மற்றவர் வீடு அகதிகளாக வந்து குடியேறியது. ‘ஆசியருக்குத் தேர்வு நன்றாகப் பொருந்துகிறது’ என்ற வரியைத் தமிழருக்குச் சான்றாக எடுத்து நீட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது சராசரி. ஒரு குழுவின் சராசரி மதிப்பெண் குறைவாக இருந்தாலே தேர்வு பாரபட்சமானது என்று சொல்லிவிடுகிறோம், அப்படியில்லை. உண்மையிலேயே ஆர்வம் வேறாக இருக்கலாம். அல்லது கேள்வி ஒருவரைத் தவறாக அளந்திருக்கலாம். இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. ஒரு பிரிவில் மொத்த மதிப்பெண் சமமாக உள்ள இரு குழுவினரை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் பதில் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டுமொத்தக் கைவேலை ஆர்வம் சமமாக இருந்தும் ‘காட்டுத் தீயை அணைத்தல்’ என்ற ஒரே கேள்வியில் மட்டும் ஒரு குழு சறுக்கினால் கோளாறு கேள்வியில். இதைச் செய்யக் குழுவுக்குக் குறைந்தது 200 பேராவது வேண்டும். முப்பது நாற்பது பேரை வைத்துச் செய்தால் கணக்கு எதையும் காட்டாது, அதையே ‘பாரபட்சம் இல்லை’ என்று அச்சடிப்பார்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஆண் பெண் வேறுபாட்டோடு ஒப்பிட்டால் இன வேறுபாடு சிறிது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து 2009இல் வெளியான தொகுப்பில், ‘பொருள்களா மனிதர்களா’ என்ற அச்சில் ஆண் பெண் இடைவெளி 0.93 திட்ட விலக்கம். அதாவது பொருள்கள் பக்கச் சாய்வில் சராசரி ஆண், சுமார் 82 சதவீதப் பெண்களைத் தாண்டி நிற்கிறார். கறுப்பர் வெள்ளையர் இடைவெளி இதன் அருகில்கூட வருவதில்லை. சிறிது என்பதால் ஒதுக்கிவிடவும் முடியாது. உச்சியில் உள்ள பத்துப் பேரை மட்டும் எடுக்கும் இடத்தில் சிறிய சராசரி வேறுபாடும் பெரிதாகத் தெரியும். அமெரிக்காவில் ஒரு குழுவில் 100க்கு 50 பேர் தேர்வாகி, இன்னொரு குழுவில் 100க்கு 35 பேர்தான் தேர்வானால் விகிதம் 0.7, ஐந்தில் நான்கு பங்குக்கும் கீழே போனதால், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்பது 1978 முதல் உள்ள வழிகாட்டு விதி. ஆலோசனைக்கென்று செய்த ஆர்வத் தேர்வை ஆளெடுப்புக்குத் திருப்பினால் வரும் சிக்கல் இது.

சராசரியைச் சரிசெய்ய ஒவ்வோர் இனத்துக்கும் தனி ஒப்பீட்டுக் குழு வைத்தால் என்ன? திறன் தேர்வில் இதைச் செய்து பார்த்தார்கள். 1980களில் அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புத் துறை பொதுத் திறன் தேர்வு மதிப்பெண்ணை இனத்துக்குள்ளேயே ஒப்பிட்டு அனுப்பியது. வேலைக்கான தேர்வுகளில் அப்படி மாற்றுவதை 1991 குடிமை உரிமைகள் சட்டம் தடை செய்தது. ஆர்வத் தேர்வு ஆலோசனைக்கானது என்பதால் அந்தச் சட்டத்தில் நேரடியாக வராது. ஆனாலும் ஸ்ட்ராங் தேர்வின் 2004 பதிப்பு எடுத்த வழி வேறு: ஆண் 1,125, பெண் 1,125 என 2,250 பேர் கொண்ட ஒரே பொதுக் குழு, அதில் இனங்களின் பங்கை நாட்டின் மக்கள்தொகைக்கு ஏற்ப வைப்பது. அறிக்கையின் விளக்க வரிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனியே வரும், இனத்துக்குத் தனியே வராது. எனக்கு இது சரியாகவே படுகிறது. இனத்துக்கொரு அளவுகோல் வைத்தால், ‘உங்கள் ஆட்களுக்குள் நீ அதிகம்’ என்பதைத்தான் பிள்ளைக்குச் சொல்ல முடியும்.

இவ்வளவு பேசியும் நடைமுறையில் அதிகம் கெடுப்பதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது தட்டை அறிக்கை, அதாவது ஆறு பிரிவிலும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றாக வருவது. அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாகத் தரும் ஓநெட் ஆர்வத் தேர்வின் குறும்படிவத்தில் 60 கேள்விகள், பிரிவுக்கு 10. கணினியில் ஐந்து நிலைப் பதில். பிரிவுக்கு 0 முதல் 40 வரை மதிப்பெண். ஒரு பிள்ளைக்கு 31, 30, 29, 29, 28, 27 என்று வருகிறது. இன்னொன்றுக்கு 35, 22, 20, 14, 12, 9. இருவருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு அச்சாகும், இரண்டு அறிக்கையும் ஒரே அழகில் இருக்கும். ஒரு பிரிவின் நம்பகம் (திரும்ப எழுதினாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வரும் அளவு) 0.85, மதிப்பெண்ணின் பரவல் (திட்ட விலக்கம்) 9 என்று வைத்துக்கொண்டால் ஒரு மதிப்பெண்ணின் பிழை ஏறத்தாழ 3.5, இரு மதிப்பெண்களின் வித்தியாசத்துக்கான பிழை 5. முதல் பிள்ளையின் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடைவெளியே 4. அந்தக் குறியீடு சீட்டுக் குலுக்கல்தான். ஹாலந்து தமது சொந்தத் தேர்வில் எட்டு மதிப்பெண்ணுக்குக் குறைந்த வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுக்காதீர்கள் என்று விதி வைத்திருந்தார். இங்கே அச்சாகும் அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தட்டை அறிக்கை யாருக்கு அதிகம் வருகிறது என்பதில்தான் சமூகப் பின்னணி உள்ளே நுழைகிறது. எல்லாவற்றுக்கும் ‘பிடிக்கும்’ என்று போடும் பழக்கம், ஓரங்களை மட்டும் தொடும் பழக்கம், நடுவிலேயே நிற்கும் பழக்கம் ஆகியவை சமூகத்துக்குச் சமூகம் மாறும். அமெரிக்க ஆய்வுகளில் ஹிஸ்பானியரும் கறுப்பரும் ஓர விடைகளை அதிகம் தொடுவதும், கிழக்காசியர் நடுவில் நிற்பதும் பலமுறை தென்பட்டவை. பெரியவர் கொடுத்த தாளில் ‘பிடிக்காது’ என்று எழுதத் தயங்கும் பிள்ளைக்கு உயரமான தட்டை. பார்த்தறியாத வேலைகளே நிறைந்த தாளைப் பார்க்கும் பிள்ளைக்குத் தாழ்ந்த தட்டை. இரண்டையும் ‘தெளிவில்லாத மாணவர்’ என்று அறிக்கை ஒரே அடியாகத் தள்ளிவிடுகிறது.

பார்த்தறியாமை என்பதை மொழிபெயர்ப்பு இன்னும் மோசமாக்கும். அதே ஓநெட் படிவத்தில் ‘செங்கல் அல்லது ஓடு பதித்தல்’ என்றொரு கேள்வி. அமெரிக்கப் பிள்ளை வார இறுதியில் தந்தையோடு குளியலறைத் தரைக்கு ஓடு பதிப்பதை நினைத்துப் பதில் சொல்லலாம். தமிழில் அதைக் ‘கொத்தனார் வேலை’ என்று எழுதிவிட்டால் கேட்பது விருப்பத்தை அல்ல, அந்தஸ்தை; கூடவே சாதியையும் கூலியையும். கொத்தனாரின் மகன் ‘பிடிக்காது’ என்று போடுவதற்கும் வங்கி மேலாளரின் மகன் போடுவதற்கும் காரணம் ஒன்றல்ல. ‘படிப்பு போதுமா, சம்பளம் எவ்வளவு என்று யோசிக்காதீர்கள்’ என்பது அந்தப் படிவத்தின் முதல் பக்க அறிவுரை. நம் வீடுகளில் அதை யோசிக்காமல் ஒரு வேலையைப் பற்றிப் பேசிய பிள்ளை எது? ‘குழு மனநல சிகிச்சை அமர்வை நடத்த உதவுதல்’, ‘பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்கி விற்றல்’ போன்றவை வேறு வகைத் தொல்லை. சொல் விளங்கும், காட்சி வராது. காட்சி வராத பிள்ளை நடுக் கட்டத்தில் டிக் அடிக்கும். கணினி அதை மிதமான ஆர்வம் என்று படிக்கும்.

இதற்கான மருந்து சிறியது. விடைக் கட்டங்களுக்கு அப்பால் ‘இந்த வேலையைப் பார்த்ததில்லை’ என்று ஒன்று கூடுதலாக வையுங்கள். 60இல் பத்துக்கு மேல் அதில் விழுந்தால் மதிப்பெண் போடவே வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை பட்டறை, ஆய்வகம், நீதிமன்றம், கிடங்கு என்று நாலு இடங்களைக் காட்டுவது. ஆறு மாதம் கழித்துத் தேர்வு வையுங்கள். மொழிபெயர்ப்பதென்றால் இருவர் தனித்தனியே தமிழாக்கி ஒன்று சேர்க்க வேண்டும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு இரு மொழியும் தெரிந்த மாணவர்களிடம் இரண்டு படிவத்தையும் கொடுத்து மதிப்பெண் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ராங் தேர்வின் ஸ்பானிய வடிவத்தை நட்யா ஃபுவாட் குழுவினர் 1984இல் இப்படித்தான் இருமொழி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் ஒருபடி மேலே போனார்கள். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டில், மொழிபெயர்ப்பை நம்பாமல் தங்கள் நாட்டு வேலைகளிலிருந்தே கேள்விகளை எடுத்துச் சொந்தத் தேர்வு செய்துகொண்டார்கள். ஏழரைக் கோடிக்கு மேல் இருக்கும் நமக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது.

தேர்வு சரியாக அளந்தாலும் ஆர்வத்துக்கும் தேர்ந்தெடுக்கும் தொழிலுக்கும் நடுவே வீடு நிற்கிறது. ஆசிய வம்சாவளி அமெரிக்க மாணவர்களை வைத்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில் தொழில் தேர்வைத் தீர்மானித்தவை குடும்பத்தின் பங்கும், அமெரிக்கப் பண்பாட்டோடு ஒன்றிய அளவும், தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும். ஆர்வம் அந்தப் பட்டியலில் எடுபடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஃபிரெடரிக் லியோங்கும் உடனாய்வாளர்களும் இந்தியப் பணியாளர்களிடம் பார்த்தபோது, ஹாலந்து சொல்லும் ஆர்வம்-வேலை பொருத்தத்தைக் கொண்டு பணித் திருப்தியைக் கணிக்க முடியவில்லை. ஓர் ஆய்வை வைத்து நாட்டையே எடைபோடக் கூடாது. ஆனால் ‘ஆர்வம் பொருந்தினால் மகிழ்ச்சி உறுதி’ என்று துண்டுப் பிரசுரம் அடிப்பவருக்கு இந்திய மண்ணில் சான்று கேட்க இது போதும்.

நான் முதல்வன் போன்ற திட்டங்களால் அரசுப் பள்ளி மாணவர்க்கும் தொழில் வழிகாட்டுதல் 2022இலிருந்து பரவலாகிவரும் நேரம் இது. எந்தத் தேர்வை வாங்கினாலும், பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் பணம் கட்டும் முன் விற்பவரிடம் மேனுவலைக் கேளுங்கள். அழகிய மாதிரி அறிக்கையை அல்ல. ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்த மாநிலம். அதில் தமிழ்வழியில் படித்தவர் எத்தனை பேர், முதல் தலைமுறையாகப் படிப்பவர் எத்தனை பேர்? ஆண் பெண் இருவருக்கும் ஒரே அளவா, தனித்தனியா? 72 கணிப்புகளில் இங்குள்ள மாணவர்களிடம் எத்தனை பலித்தன? பட்டைகளுக்குக் கீழே கச்சா மதிப்பெண்ணையும் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு ‘சாஃப்ட்வேரில் அது வராது’ என்ற பதில் வந்தால், மூன்றெழுத்தைக் கிழித்துவிட்டு அறுபது விடைகளையும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். எந்த டிக் ஏன் விழுந்தது என்று அவர்களே சொல்வார்கள்.

இப்படிக்கு,
தொழில் வழிகாட்டி ஆலோசகர்,
திருச்சிராப்பள்ளி